நிழற்படமும் நீர்வண்ணமும்



கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த ஊர் கடம்பூர். போளிக்குப் பெயர் பெற்றது. ஒரு காலத்தில் ஜமீன் ஊராக விளங்கியது. அதனைச் சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கரிசல் காடு. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களில் பழைய வீடு ஒன்றினுள் நுழைந்து தலையை உயர்த்திப் பார்த்தால், நிலைப்படிக்கு மேலே, சற்றே முன்புறம் சாய்ந்தவாறு, கண்ணாடிச் சட்டத்தினுள் அவ்வீட்டின் முன்னோர் வீற்றிருக்கக் காணலாம். தாத்தா நாற்காலியில் அமர்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்றிருப்பாள். இருவர் முகத்திலும் சிரிப்பு இராது. அவர்களில் பலருக்கு வாழ்நாள் முழுவதிலும் எடுக்கப்பட்ட புகைப்படம் அது ஒன்றே. திருமணத்தின்போதோ, இலங்கைக்கோ பர்மாவுக்கோ பிழைக்கப் புறப்பட்டபோதோ, ஒரே ஒரு நாள் கருவியின் முன் நின்றார்கள். பின்னர் நிற்கவே இல்லை.

அந்தப் படங்கள் இப்போது மங்கி வருகின்றன. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரிக்கிறது. மழைக்கால ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்கிறது. ஆதலால் அவற்றைக் கைப்பேசியிற் பிடித்து, கணினியின் துணையால் நீர்வண்ண ஓவியமாக மாற்றி, புதுச் சட்டமிட்டு, மணிவிழாவுக்கும் நினைவு நாளுக்கும் பரிசாகத் தரும் வழக்கம் பரவியிருக்கிறது. சில விநாடிகளில் வேலை முடிந்துவிடுகிறது. சாம்பல் நிறத்துப் பாட்டி வண்ணப் புடவையில் பொலிவுடன் தோன்றுகிறாள். வீட்டார் மகிழ்கின்றனர்.

மகிழ்ச்சி நியாயமானதே. எனினும் இங்கே கேட்கத்தக்க கேள்விகள் மூன்று உண்டு. நிழற்படம் ஓவியமாகும்போது உண்மையில் என்ன நிகழ்கிறது? அவ்வேலையில் முடிவெடுப்பவர் யார்? முடிவில் நமக்குக் கிடைக்கும் முகம் நம் பாட்டியின் முகந்தானா? இம்மூன்றையும் இன்று சிறிது ஆராய்வோம்.

நிழற்படத்துக்கு வண்ணம் தீட்டுவது கணினி கொண்டுவந்த புதுமை என்று எண்ணிவிடலாகாது. பிரான்சு நாட்டு டாகேரின் முறை 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே ஐரோப்பியத் தொழிலாளர் மெல்லிய தூரிகை கொண்டு அப்படங்களின் கன்னங்களுக்குச் சிவப்பும் நகைகளுக்குப் பொன்னிறமும் ஏற்றத் தொடங்கிவிட்டனர். முகத்தை அப்படியே பிடித்துத் தந்த கருவி, அதன் நிறத்தை மட்டும் விட்டுவிட்டது. விட்டதை நிரப்ப ஓவியர் வந்தார். நம் நாட்டிலும் இவ்விரு கலைகளும் தொடக்கத்திலிருந்தே அண்டை வீட்டார். அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850இல் சென்னையில் நிறுவிய ஓவியப் பள்ளியில், அந்தப் பத்தாண்டுக்குள்ளாகவே புகைப்படக் கலையும் கற்பிக்கப்பட்டது. அப்பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகத் திகழ்கிறது.

இந்த உறவு எவ்வளவு நெருக்கமானது என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கோவில்பட்டிக்குச் சென்றாற் போதும். 1898இல் பிறந்து 1976இல் மறைந்த ஓவியர் சி. கொண்டையராஜு அந்தச் சென்னைப் பள்ளியில் பயின்றவர். சில காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் வாழ்ந்தார். பிறகு நாடகக் குழுவொன்றில் சேர்ந்து காட்சித் திரைகள் எழுதினார். அக்குழு கோவில்பட்டியில் கலைந்துபோகவே, அவர் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். 1940களில் அவரும் அவருடைய சீடர்களும் அங்கே நடத்திய நிலையம் தேவி ஆர்ட் ஸ்டூடியோ. அவர்கள் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் நாட்காட்டிகளாகி வீடுதோறும் சென்றடைந்த வரலாற்றைப் பலரும் அறிவர். அந்த ஓவியர்களின் கூடம் புகைப்பட நிலையமாகவும் இருந்தது என்பதே நம் பேச்சுக்கு வேண்டிய செய்தி. ஒரே கூரையின்கீழ்ப் புகைப்படக் கருவியும் இருந்தது, தூரிகையும் இருந்தது.

அக்காலப் புகைப்பட நிலையங்களில் ஆளின் பின்னால் தொங்கவிடும் திரைச்சீலையை நினைத்துப் பாருங்கள். பளிங்குப் படிக்கட்டு, உருண்ட தூண், நந்தவனம், தொலைவில் ஓர் ஏரி. காலையில் பருத்திக் காட்டில் களையெடுத்தவர் மாலையில் அந்த அரண்மனைத் தோட்டத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார். எனவே, கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் புகைப்படங்களுக்குள் ஓவியம் புகுந்துவிட்டது. உண்மையும் ஆசையும் ஒரே தாளில் பதிவாயின. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: திரைச்சீலை பின்னாலேயே நின்றது, முகத்தை அது தொடவில்லை.

முகத்தைத் தொட்டது வேறொரு வேலை. அதனை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் 'டச்சிங்' என்பார்கள். கண்ணாடித் தகட்டிலோ படச்சுருளிலோ பதிந்த எதிர்ப்படத்தின்மீது கூரிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்து, தழும்பையும் சுருக்கத்தையும் தணிப்பார்கள். அச்சிட்ட பின்னர், நீரிற் கரையும் மெல்லிய சாயத்தைப் பஞ்சாலோ தூரிகையாலோ படத்தின்மேல் ஏற்றுவார்கள். சாயம் ஒளி ஊடுருவக் கூடியது. ஆதலால் அடியிலுள்ள நிழலும் வெளிச்சமும் மறையாமல் நிற்கும். நிறம் மட்டும் கூடும். வண்ணப் படச்சுருள் எளிதிற் கிடைக்கும்வரை பல குடும்பங்களின் 'கலர்ப் படம்' இவ்வாறு உண்டானதே.

இம்முறையில் ஒரு சிறப்பு இருந்தது. வண்ணம் தீட்டுபவர் கேட்டாக வேண்டும்.

"புடவை என்ன நிறம் அண்ணாச்சி?"

"மாம்பழ நிறம். கரை மட்டும் அரக்கு."

"கல் மூக்குத்தியா, வெறும் பொன்னா?"

"சிவப்புக் கல். வலப்பக்கம்."

இப்படி ஓர் உரையாடல் நடந்தேற வேண்டும். படத்தில் இல்லாத நிறத்தை, அந்த மனிதரோடு வாழ்ந்தவர்களின் நினைவிலிருந்து எடுத்தே தீட்ட முடியும். அதாவது, அறியாததை அறிந்தவரிடம் கேட்பது அத்தொழிலின் ஒரு பகுதி. குறையும் இருந்தது, அதை மறைப்பதற்கில்லை. "கொஞ்சம் சிவப்பாகப் போடுங்கள்" என்று வாடிக்கையாளர் சொல்வதும், சொல்லாவிட்டாலும் தொழிலாளர் தாமே வெளுப்பாக்குவதும் உண்டு. கரிசல் வெயிலில் உழைத்துக் கறுத்த முகங்கள் சட்டத்துக்குள் சென்றபோது சந்தன நிறம் பெற்றன. அழகு என்றால் வெளுப்பு என்ற நம் சமூகத்தின் பிழை, தூரிகையின் வழியாகச் சுவரிலும் ஏறியது.

நிழற்படத்தை ஓவியம் எவ்வாறு வென்றுவிடும் என்பதற்கு இக்கரிசல் மண்ணிலேயே ஒரு பெரிய சான்று உண்டு. 1882இல் எட்டயபுரத்திற் பிறந்த சுப்பிரமணிய பாரதியாரின் புகைப்படங்களாக நமக்குக் கிடைத்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலவே. எல்லாம் கறுப்பு வெள்ளைப் படங்கள். தாடியோடு அவர் காட்சி தரும் படமும் அவற்றுள் உண்டு. ஆனால் பாரதி என்றவுடன் உங்கள் மனக்கண்ணில் தோன்றுவது எது? வெள்ளைத் தலைப்பாகை, முறுக்கிய மீசை, கறுப்புக் கோட்டு, நேரே நோக்கும் விழிகள். அது பெரும்பாலும் ஓவியர் தந்த முகம். ஆர்யா என்று புகழ்பெற்ற ஓவியர் பாஷ்யம் தீட்டிய படமும், அதைப் பின்பற்றி எழுந்த எண்ணற்ற படங்களும் பள்ளிச் சுவர்களையும் பாடநூல்களையும் நிறைத்தன. அந்த ஓவியம் கவிஞரின் உள்ளக் கனலைக் காட்டுகிறது; ஆகவே மக்கள் அதை ஏற்றுக்கொண்டனர். அதே சமயம் மூலப் புகைப்படங்களும் காப்பாற்றப்பட்டன. அவை இருப்பதனால்தான் இன்றும் ஒருவர் ஓவியத்தையும் புகைப்படத்தையும் அருகருகே வைத்து, இது அவருடைய நெற்றி, இது ஓவியரின் எண்ணம் என்று பிரித்துணர முடிகிறது. மூலம் தொலைந்திருந்தால் ஓவியமே மூலமாகியிருக்கும்.

இனி நீர்வண்ணம் என்பது என்ன என்று பார்ப்போம். நுண்ணிதாக அரைத்த வண்ணப் பொடியை ஒரு மரப் பிசினோடு சேர்ப்பதால் கிடைப்பது நீர்வண்ணம். அப்பிசின் நம் காட்டுக் கருவேல மரத்துக்கு உறவான ஒரு மரத்திலிருந்து வடிவது. நீரிற் கரைத்துத் தாளில் இட்டால், நீர் ஆவியாகிப் போகும். பொடி தாளின் இழைகளிற் படிந்து நிற்கும். எண்ணெய் வண்ணம் தடித்தது; தவறிய இடத்தின்மேல் மீண்டும் பூசி மறைக்கலாம். நீர்வண்ணம் ஒளி ஊடுருவுவது. முதலில் இட்டது கடைசிவரை தெரியும். இதில் வெண்மையைக் குழப்பிப் பூசுவது வழக்கமன்று. தாளின் வெண்மையே வெளிச்சம். ஆகவே ஓவியர் தூரிகையை நனைப்பதற்கு முன்பே, எந்த இடத்தைத் தொடாமல் விடவேண்டும் என்று தீர்மானித்தாக வேண்டும். மூக்கின் நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம், விழியில் ஒரு துளி, வெள்ளை வேட்டியின் மடிப்பு, இவையெல்லாம் விட்டுவைத்ததனால் உண்டாகின்றவை. நீர்வண்ணம் விடுதலைக் கற்பிக்கும் கலை. அதாவது, எதை விட்டுவிடுவது என்று கற்பிக்கும் கலை.

புகைப்படக் கருவியோ எதையும் விடாது. பாட்டியின் முகத்தைப் பதிப்பதுபோலவே பின்னாலுள்ள சுவரின் விரிசலையும், கொடியில் தொங்கும் துண்டையும் பதிக்கும். ஓவியர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, துண்டை விடுகிறார். விரிசலை ஒரு மெல்லிய கறையாக்குகிறார். முகத்தில் மட்டும் நிற்கிறார். எனவே நிழற்படத்தை ஓவியமாக்குதல் என்பது தேர்ந்தெடுத்தலே. தேர்வு நல்லதாயின் ஓவியம் நல்லதாகும்.

இதே வேலையைக் கணினி எவ்வாறு செய்கிறது? கணினிக்குள் படம் என்பது எண்களின் பட்டியல். படத்தை மிகச் சிறிய கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தின் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு 0 முதல் 255 வரை ஓர் எண் தருகிறார்கள். அக்கட்டத்துக்குப் பிக்சல் என்று பெயர். அந்த எண்களைக் கொண்டு ஓவியம் செய்யும் முயற்சியில் மூன்று படிகளைக் காணலாம்.

முதற்படி 1990ஆம் ஆண்டினது. பால் ஹேபர்லி என்னும் ஆய்வாளர் ஒரு வழியைக் காட்டினார். மனிதர் திரையில் தூரிகையை எங்கே வைக்கிறாரோ, அந்த இடத்தின் நிறத்தைக் கணினி மூலப் புகைப்படத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும். நிறம் படத்தினுடையது, வீச்சு மனிதருடையது.

இரண்டாம் படி 1997இல் வந்தது. அமெரிக்காவில் காசிடி கர்ட்டிசும் அவர்தம் தோழர்களும் நீர்வண்ணத்தின் இயற்பியலையே கணக்காக்கினர். தாளின்மேல் ஓடும் நீர் ஒரு படலம். தாளிற் படியும் வண்ணப் பொடி ஒரு படலம். தாளின் நுண்துளைகளில் ஊறும் ஈரம் ஒரு படலம். இம்மூன்றையும் கணினியில் ஓடவிட்டபோது, உண்மையான நீர்வண்ணத்திற் காணும் அடையாளங்கள் தாமே தோன்றின. காய்ந்த கறையின் விளிம்பு கறுத்து நிற்பதும், பொடி தாளின் பள்ளங்களில் தங்கி மணல்போலத் தெரிவதும், ஈரத்தோடு ஈரம் கலந்து பரவுவதும் திரையில் வந்தன. மழை பெய்து ஓய்ந்தபின் கரிசல் தரையில் தேங்கிய நீர் வற்றும்போது விளிம்பில் வண்டல் வரி ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நீர்வண்ணக் கறையின் கறுத்த விளிம்பும் அதே விதியால் உண்டாவது. ஓரத்தில் நீர் விரைந்து ஆவியாகிறது. அவ்விடத்தை நிரப்ப உள்ளிருந்து ஓடிவரும் நீர் பொடியையும் இழுத்து வருகிறது.

மூன்றாம் படி 2015இல் தொடங்கியது. ஜெர்மனியின் டியூபிங்கன் நகரத்து ஆய்வாளர் மூவர், படத்தின் பொருளையும் பாணியையும் தனித்தனியே பிரித்தறியும் நரம்பு வலையமைப்பு முறையை வெளியிட்டனர். ஒரு புகைப்படத்தையும் ஓர் ஓவியத்தையும் கொடுத்தால், முன்னதன் காட்சியைப் பின்னதன் பாணியில் அது எழுதித் தரும். அதற்குப் பின் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் தொலைவு சென்றுவிட்டன. கோடிக்கணக்கான படங்களிற் பயின்ற அவை, கொடுத்த படத்தைப் பார்த்து முற்றிலும் புதியதொரு படத்தையே உண்டாக்குகின்றன.

இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். முதலிரண்டு படிகளிலும் கணினி உள்ளதன்மேல் வேலை செய்தது. கண் இருந்த இடத்தில் கண் இருந்தது; அதன் ஓரம் மட்டும் கரைந்தது. கடைசிப் படியில் கணினி இல்லாததை இட்டு நிரப்புகிறது. பழைய குழுப்படம் ஒன்றில் பூட்டியின் முகம் கட்டை விரல் நகத்தளவே இருக்கும். அதிலும் பாதி மங்கிக் கிடக்கும். அதனைப் பெரிதாக்கித் தெளிவாக்கு என்று கேட்டால், அங்கே இல்லாத இமையையும் உதட்டையும் இயந்திரம் எங்கிருந்து கொண்டுவரும்? தான் பயின்ற பிற முகங்களிலிருந்துதான் கொண்டுவரும். விளைவு அழகான முகமாக இருக்கலாம். ஆனால் அது பலருடைய முகங்களின் சாரமேயன்றி, நம் பூட்டியின் முகம் ஆகாது.

இவ்வட்டாரத்துப் பழைய மூதாட்டியரின் காதுகளை எண்ணிப் பாருங்கள். தோள்வரை தொங்கும் வளர்ந்த காது. அதிற் கனத்த பாம்படம், தண்டட்டி. பயின்ற படங்களில் அத்தகைய காதுகள் அரிதாயின், இயந்திரம் அதை விளங்கிக்கொள்ளாது. தொங்கும் காதைக் கூந்தற் கற்றையாகவோ, பாம்படத்தைப் புதுமோஸ்தர்க் காதணியாகவோ மாற்றிவிடக்கூடும். ஒரு காலத்துப் பெண்களின் செல்வமும் வலியும் வழக்கமும் அந்தக் காதுகளில் இருந்தன. ஒரு விநாடியில் அவை அழிந்துபோனால், அடுத்த தலைமுறைக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது.

நிறத்தின் செய்தியும் இத்தகையதே. இதற்குப் பழைய வரலாறு உண்டு. கடந்த நூற்றாண்டில் வண்ணப் படங்களை அச்சிடும் நிலையங்களுக்கு அளவுகோலாக அனுப்பப்பட்ட அட்டைகளில் வெளுத்த நிறப் பெண்ணொருத்தியின் உருவமே நெடுங்காலம் இருந்தது; அவற்றை 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கொள்ளப்பட்டது. கறுத்த முகங்கள் நிழலில் மூழ்கின. கணினியிலும் அக்குறை தொடர்ந்தது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்கள் மூன்றை 2018இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு என்னும் ஆய்வாளர் இருவர் சோதித்தனர். வெளுத்த நிற ஆண்களிடம் பிழை மிகுந்தால் 0.8 விழுக்காடு, கறுத்த நிறப் பெண்களிடமோ 34.7 விழுக்காடு வரை சென்றது. அந்த மென்பொருள்கள் படம் வரைபவை அல்ல. எனினும் காட்டும் பாடம் ஒன்றே: இயந்திரம் எதனை மிகுதியாகப் பார்த்ததோ அதனையே நன்றாக அறியும். மனிதக் கையின் பிழையை இயந்திரம் போக்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. அப்பிழையை அது பல மடங்காக்கவும் கூடும்.

நிலக்காட்சியிலும் இவ்வாறே. வைகாசி மாதத்தில் கடம்பூரை விட்டு வெளியே வந்து ஒரு படம் எடுங்கள். அறுவடை முடிந்த காடு, வெடித்துப் பிளந்த தரை, குடை விரித்தாற்போல் ஓர் உடைமரம், வரிசையாய்ப் பனைகள், வெளுத்த வானம். நீர்வண்ணம் என்ற சொல்லைக் கேட்டதும் கருவி ஈரப் பசும்புல்லையும் நீலப் பனிமூட்டத்தையும் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். அக்கலை தழைத்த குளிர்நாடுகளின் நிறங்களை அது மிகுதியாகக் கண்டிருக்கும். கரிசலின் நிறமோ வேறு. காய்ந்தால் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் நனைந்தால் யானைத்தோல்போல் கறுக்கும். இந்த வேறுபாட்டை இங்கே நடந்தவன் அறிவான். கறுத்த முகமும் அப்படியே. தேர்ந்த ஓவியர் அதற்குக் கறுப்பு வண்ணத்தைத் தொடுவது அரிது. காவியையும் ஆழ்ந்த நீலத்தையும் படலம் படலமாக இட்டு, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததை இடுவார். அப்போது கன்னத்தின் மேட்டில் வானத்தின் நீல ஒளியும், தாடையின்கீழ் மண்ணின் செம்மையும் தெரியும். கறுப்பு ஒரு நிறமன்று, பல நிறங்களின் ஆழம் என்பதை நீர்வண்ணம் போல் விளக்கவல்லது வேறில்லை.

அப்படியானால் கணினியை ஒதுக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. மங்கும் படங்களைக் காப்பதற்கு அது நல்ல துணை. அதனிடம் வேலையைக் கொடுக்கலாம். முடிவை நாம் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சில முறைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, மூலப்படத்தைத் தொடாமற் காத்தல். சட்டத்திலிருந்து எளிதாக வருமானால் எடுத்து, வருடி எனப்படும் ஸ்கேனரில் அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் அளவில் பதிவு செய்யுங்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிரிக்க முயலாதீர்கள். முகம் உரிந்து போகும். சன்னலருகே மிதமான பகல் வெளிச்சத்தில், 'பிளாஷ்' இல்லாமல், கைப்பேசியைப் படத்துக்கு நேர்இணையாகப் பிடித்து எடுங்கள். அந்தப் பதிவை எந்த மாற்றமும் செய்யாமல் இரண்டு இடங்களில் வையுங்கள். ஓவியம் செய்வதற்குப் படியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கேட்டறிதல். பழைய வண்ணத் தொழிலாளர் கேட்ட கேள்விகளை இப்போது நீங்கள் கேளுங்கள். புடவையின் நிறம் என்ன? கோயில் கொடைக்கு உடுத்தியதா, அன்றாடம் கட்டியதா? நெற்றியில் குங்குமமா, திருநீறா? வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கு அறுபதாண்டுக்கு முந்தைய கரையின் நிறங்கூட நினைவிருக்கும். கேட்டால் சொல்வார்கள், கேட்காவிட்டால் அவர்களோடு அது போய்விடும்.

மூன்றாவது, முகத்தை விட்டுவைத்தல். புதிதாக உண்டாக்கும் கருவியைப் பின்னணிக்கு வேண்டுமானால் பயன்படுத்துங்கள். முகத்துக்கு, உள்ளதை மென்மையாக்கும் எளிய முறையே போதும். முடிந்தபின் ஓவியத்தைப் பாதி ஒளிபுகும் படலமாக்கி மூலப்படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். கண்களின் இடைவெளி மாறியிருந்தால், உதட்டின் கோடு நகர்ந்திருந்தால், தழும்பும் மச்சமும் காணாமற் போயிருந்தால், அவ்விடத்தில் மூலத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நான்காவது, இசைவு. நீங்கள் கொடுக்கும் படம் பல வேளைகளில் தொலைநாட்டுக் கணினியொன்றுக்குச் செல்கிறது. அது அங்கே என்ன ஆகிறது என்பது நம் கையில் இல்லை. ஆகவே உயிரோடிருப்பவரின் படமாயின் அவரிடமும், மறைந்தவரின் படமாயின் வீட்டுப் பெரியவரிடமும் கேட்டுவிட்டுச் செய்வது பண்பாடு.

ஐந்தாவது, குறிப்பு. ஓவியத்தைப் பருத்தி நாரினாலான தாளில் அச்சிட்டுச் சட்டமிடும்போது, பின்புறம் நாலு வரி எழுதுங்கள். யாருடைய படம், மூலம் எங்கே இருக்கிறது, எந்த நிறம் யார் சொன்னது, எது ஊகம், என்றைக்குச் செய்தது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதை எடுத்துப் பார்க்கும் பேரப்பிள்ளைக்கு அந்த நாலு வரி ஓவியத்தைவிட அரியதாக இருக்கும்.

மாணவர்களுக்கு மட்டும் இன்னும் ஒன்று. கருவி செய்து தருவதற்கு முன்னால், ஒரு முறையேனும் நீங்களே கையால் முயன்று பாருங்கள். பள்ளியில் வாங்கும் சிறு வண்ணப்பெட்டி, ஒரு தூரிகை, தடித்த தாள், ஒரு கிண்ணம் நீர், பாட்டியின் படம், இவையே போதும். ஓவியம் சரியாக வராது. முதல் முறையில் யாருக்கும் வருவதில்லை. ஆனால் ஒரு மணி நேரம் அந்த முகத்தை உற்றுப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, இடக்கண் சற்றே சிறியதா, உதடு இறுக மூடியிருப்பது கோபத்தாலா கூச்சத்தாலா என்று ஒவ்வொன்றாகத் தேடியிருப்பீர்கள். சுவரில் ஆண்டுக்கணக்காகத் தொங்கிய படத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பீர்கள். பிறகு கணினி தரும் ஓவியத்தைக் கண்டால், எது சரி, எது தவறு என்று உங்கள் கண்ணே சொல்லிவிடும். கைப்பயிற்சி கண்ணுக்குத் தரும் கல்வி இது.

நல்ல உருவப்படத்துக்குச் சோதனை ஒன்றே. வண்ணம் பளிச்சிடுவதோ, தாளின் விலையோ, கருவியின் புதுமையோ அதைத் தீர்மானிப்பதில்லை. அந்த மனிதரோடு உண்டு, உழைத்து, சண்டையிட்டு வாழ்ந்த ஒருவர் இன்னும் இருப்பாராயின், ஓவியத்தை எடுத்துச் சென்று அவர் கையிற் கொடுங்கள். "யாருக்கோ நன்றாக எழுதியிருக்கிறார்கள்" என்று அவர் சொன்னால், அது அழகிய படம். ஆனால் உங்களுக்கு உரியதன்று. பார்த்த மாத்திரத்தில் பெயர் சொல்லி அழைத்தாரானால், வேலை முடிந்தது என்று கொள்ளுங்கள்.